போ கடையில் என் மேசை

சூப்பை ஆறவிட்டுக் குடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ஆறினால் கொழுப்பு மேலே திரண்டு உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும். கண்ணாடி மங்க வேண்டும், மூக்கில் நீர் வழிய வேண்டும், அந்தச் சூட்டில் குடித்தால்தான் அது சூப்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், மௌலவி. அங்கேதான் வருகிறேன். நான் வந்து உட்கார்ந்ததும் இஸ்ஸதீன் ஹாஜியார் மின்விசிறியைக் கூட்டிவிட்டு, "அவசரமில்ல ராத்தா, ஆறுதலாச் சொல்லுங்க" என்றார். பள்ளிவாசல் நிர்வாக சபைக்கு அவரை விடப் பொருத்தமான தலைவர் கிடைக்க மாட்டார். ஆகவே ஆறுதலாகவே சொல்கிறேன்.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மௌத்தாகிப்போன கருவாட்டு வியாபாரி சாஹுல் ஹமீதின் மனைவி றிஸ்மியா. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மன்னார் வீதியில் அத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். புறம் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. ஊரில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தால், "றிஸ்மியா ராத்தாக்கிட்டக் கேளுங்க, அவ உள்ளதத்தான் சொல்லுவா" என்பார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. என் வாய்க்கு அப்படி ஒரு மதிப்பு இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

களப்புத் தண்ணீரின் ஓரத்தில், முன்பு வலை விற்ற கடை இருந்த இடத்தில், புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். பக்கத்து வீட்டு அஸ்ரியாதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே உட்கார்ந்ததும் அவள், "தம்பி, சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டாள். அங்கே நின்ற கடைக்காரப் பையன் றஸீன் மிகவும் மரியாதையாக, "போ" என்றான்.

அஸ்ரியா கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பினாள். "வந்த ஆக்களப் போ எண்டு சொல்றியா நீ?"

சமையலறையிலிருந்து அவன் மனைவி ரம்ஸியா அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள். "ராத்தா, கோவிக்காதீங்க. அது சாப்பாட்டுட பேர். வியட்நாம் நூடில்ஸ் சூப். இவருக்கு அத ஒழுங்காச் சொல்லத் தெரியாது."

"இருங்க ராத்தா," என்றான் றஸீன். "போ குடிச்சிட்டுப் போங்க."

நான் சிரிக்கத் தொடங்கினேன். என் கணவர் மௌத்தான பிறகு அப்படிச் சிரித்ததில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன். அஸ்ரியாவும் சிரித்தாள். றஸீனும் ரம்ஸியாவும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய முன்னரே கிண்ணம் வந்துவிட்டது.

அதை எப்படிச் சொல்வது. மாட்டெலும்பை இரவெல்லாம் அவித்து, சுட்ட இஞ்சியும் சுட்ட வெங்காயமும் கறுவாவும் அன்னாசிப்பூவும் போட்டு இறக்கிய தண்ணீர். ஆனால் அடியில் கிடக்கும் நூடில்ஸ் தெரியும் அளவுக்குத் தெளிவு. மேலே தாள் போல வெட்டிய இறைச்சி. பக்கத்தில் ஒரு தட்டில் முளைப்பயறு, மல்லி இலை, தேசிக்காய்த் துண்டு, கொச்சிக்காய். நெத்தலியில் றஸீனே ஊறவைத்து எடுத்த சாறு ஒரு சின்னப் போத்தலில். முதல் கரண்டி உள்ளே போனதும் என் காதுக்குப் பின்னால் யாரோ விரலால் தட்டியது போல இருந்தது. இரண்டாவது கரண்டிக்கு எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் வீதியோரம் நின்ற கழுதைகளைப் பார்த்தே சிரித்துக்கொண்டு போனேன். புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கழுதை ஒரு புதினமா. அன்று புதினமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் பகலும் போனேன். ஜன்னலோர மேசை எனக்கு. அங்கிருந்து களப்புத் தெரியும், காற்றும் வரும். றஸீனின் வாப்பா உம்மா தொண்ணூறாம் ஆண்டு புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். இங்கே முகாமில் பிறந்தவன் அவன். டோஹாவில் ஒரு வியட்நாம் கடையில் கோப்பை கழுவப் போய், அந்தக் கடைக்காரியிடம் சமையல் கற்றுக்கொண்டு வந்திருந்தான். ரம்ஸியா மாம்புரிக்காரி. அவளோடு கூடப்பிறந்த நானா அங்கே மரக்கறித் தோட்டம் செய்கிறார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். நான் கதவில் தலை காட்டியதும், "ராத்தா வந்திட்டா" என்று உள்ளே குரல் கேட்கும். இந்த வயதில் ஒரு வீட்டில் என் வருகைக்காகக் காத்திருந்தார்கள் என்றால், அந்த வீடு அதுதான்.

பிறகு அந்தப் பையன் வந்தான், நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் வேலை செய்கிற றிப்னாஸ். சாப்பிடுவதைத் தொலைபேசியில் படம் பிடித்து எல்லோருக்கும் காட்டுகிறவன். "போ எண்டு சொல்லித்தான் வரவேற்பாங்க" என்று அவன் போட்ட வீடியோவை ஊரே பார்த்தது. மின் நிலையத்து ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். கற்பிட்டிக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் வழியில் இறங்கினார்கள். வாசலில் வரிசை நின்றது.

ஒரு நாள் என் மேசையில் ஒரு குடும்பம் இருந்தது. சின்னப் பிள்ளை சூப்புக்குள் தக்காளி சோஸைப் பிழிந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் வெயிலில் நெடுநேரம் நின்று உள்ளே போனபோது பானை காலி. ரம்ஸியா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வாங்க ராத்தா" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கிழமைதான் அஸ்ரியாவின் மகளுக்கு நிச்சயம். பெண்கள் உள்ளறையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு அந்தக் கடையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நான், "அந்த எலும்பெல்லாம் எங்க இருந்து வருதோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றேன்.

அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்பது எந்த நேரமும் உண்மையான வார்த்தை.

"ஏன் ராத்தா, நீங்க ஏதும் கண்டீங்களா?" என்று அஸ்ரியா கேட்டாள்.

"நான் ஒண்டும் காணல்ல. காணாததச் சொல்லக் கூடாது," என்று கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "வெளியில இருந்து வந்த ஆக்கள். அவங்கட பழக்கம் நமக்கு என்ன தெரியும்" என்றேன். இதிலும் பொய் இல்லை. நகரத்து இறைச்சிக் கடையில் நாம் எல்லோரும் வாங்கும் அதே எலும்பைத்தான் றஸீனும் வாங்குகிறான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை அங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மறு கிழமையே வரிசை இல்லாமல் போனது. அதற்கடுத்த கிழமை ஆளே இல்லை.

மௌலவி, நான் ஒளிக்கப் போவதில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாட்கள் இருந்ததில்லை. கல்யாணம் முடித்த புதிதிலும் இல்லை. முழுக் கடையும் எனக்கு. ஜன்னல் எனக்கு, களப்பு எனக்கு. றஸீனுக்கு வேறு வேலை இல்லாததால் மாட்டு நரம்பைப் பஞ்சு போல அவித்து எனக்கென்று தனியாக எடுத்து வைப்பான். குச்சி பிடித்துச் சாப்பிடப் பழக்கினான். நூடில்ஸ் வழுக்கி என் மடியில் விழும், நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பேன், அவனும் கொஞ்சம் சிரிப்பான். ரம்ஸியா எனக்கு எதிரே உட்கார்ந்து அழுவாள். "நாங்க யாருக்கு என்ன செஞ்சோம் ராத்தா?" என்பாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். "பொறுமையா இரு மகள்" என்பேன். அந்தக் கை எப்போதும் கறுவாவும் இஞ்சியுமாக மணக்கும்.

ஆனால் ரம்ஸியா பொறுமையாக இருக்கிற பிள்ளை இல்லை. ஒரு நாள், "நீங்க ஒரு வார்த்த சொன்னா ஹாஜியார் கேப்பார். அவங்க எல்லாரும் வந்து எங்கட கடையப் பாக்கட்டும். எங்கட சாப்பாட்டச் சாப்பிட்டுப் பாக்கட்டும்" என்றாள். அவள் கேட்டு நான் எப்படி இல்லை என்பது. உங்களிடம் வந்து சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நன்றாகவே சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாக சபை முழுவதுமாக அங்கே வந்து, ஊர் பார்க்கச் சாப்பிடுவதென்று முடிவானது.

அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். பள்ளிவாசலே சாப்பிட்ட கடை என்றால் முன்பு வந்ததை விட இரண்டு மடங்கு ஆட்கள் வருவார்கள். கடையைப் பெருப்பிப்பார்கள். ஜன்னல் பக்கச் சுவரை இடிப்பார்கள். நான் எங்கே உட்கார்வது. நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை காலை பஸ் ஏறிச் சிலாபத்துக்கும் தெற்கே போனேன். கடலோரத்தில், மாதா கோயிலைச் சுற்றி, வேதக்கார ஆட்களின் ஊர் ஒன்று. அபாயாவைப் பையில் வைத்துவிட்டு, அஸ்ரியா எப்போதோ தந்த பூப்போட்ட சேலையைக் கட்டியிருந்தேன். தலையில் துணி இல்லாமல் காற்று நேராகக் காதில் பட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடிய நாள் போல இருந்தது. இறைச்சிக் கடைக்காரர் சிங்களத்தில், "குழம்புக்கா அக்கே, பொரிக்கவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறேன். எதையோ சுட்டிக் காட்டினேன். அவர் ஒரு பொதியைத் தந்தார். மேலே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும், பன்றி இறைச்சி என்று சிங்களத்தில் எழுதியும் ஒரு ஒட்டுத்தாள். அதை ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொன்றுக்குள் போட்டு, விரல் நுனியால் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கை படவே இல்லை. என்றாலும் வீட்டுக்கு வந்ததும் மார்க்கம் சொன்னபடி கையைக் கழுவினேன். மார்க்கத்தில் நான் கவனமானவள்.

வெள்ளிக்கிழமை றஸீன் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். ரம்ஸியா லுஹர் தொழ மேல்மாடிக்குப் போகும்போது, "ராத்தா, பானையக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க" என்றாள். ஃப்ரீசரைத் திறந்து, மாட்டெலும்புகளுக்குக் கீழே அந்தப் பொதியை வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து பானையில் நுரை எடுத்தேன். நுரை எடுக்காவிட்டால் சூப் கலங்கிவிடும்.

அதோடு நான் முடிவெடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். ரம்ஸியா புதுத் திரைச்சீலை போட்டிருந்தாள். றஸீன் உங்கள் ஒவ்வொருவருக்கும் இரு கையாலும் கிண்ணம் வைத்தான். நீங்கள், மௌலவி, பிஸ்மி சொல்லிக் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தீர்கள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். முதல் நாள் எனக்கும் அதே முகம்தான். இன்னொரு கிண்ணம் கேட்டீர்கள். இஸ்ஸதீன் ஹாஜியார் சத்தமாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கை தட்டினார்கள். ரம்ஸியா திரைக்குப் பின்னால் நின்று அழுதாள். எனக்கே கண் கலங்கியது. பேசாமல் விட்டுவிடுவோம், நாளைக்கு வந்து அந்தப் பொதியை எடுத்துவிடுவோம் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன்.

அப்போது வாசலில் வரிசை சேரத் தொடங்கியது. ஒருவன் உள்ளே வந்து தன் ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தான். யாருடைய மேசை என்று அவன் கேட்கவும் இல்லை.

"ஹாஜியார், ஃப்ரீசரையும் ஒருக்காப் பாத்திடுங்க," என்றேன். "பிறகு ஒருத்தரும் ஒரு கதை கதைக்கக் கூடாது."

"ஓம் ஓம், ராத்தா சொல்றது சரி, வந்து பாருங்க," என்று றஸீன்தான் முதலில் ஓடினான். அவனே மூடியைத் திறந்தான். ஒவ்வொரு பொதியாக எடுத்து உயர்த்திக் காட்டினான். "இது எலும்பு. இது நரம்பு. இது நெஞ்சிறைச்சி." அடுத்ததை எடுத்து, சொல்ல வாய் திறந்து, வாசித்து, திருப்பி வாசித்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான். சந்தேகத்தில் இல்லை. நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவேன் என்று பார்த்தான்.

மற்றது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வெளியே போய்க் களப்போரத்தில் குந்தி வாந்தி எடுத்தீர்கள். இளைஞர்கள் உள்ளே பாய்ந்தார்கள். "அடிக்காதீங்க" என்று சொன்னது நான் மட்டும்தான், அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பானையை இழுத்தார்கள். றஸீன் விடவில்லை. ஓடியிருக்கலாம், ஆனால் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். முழுவதும் அவன் வலது கையில் சரிந்தது. என் நெஞ்சு பதறிப்போய்விட்டது. அத்தனை சூப். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கடையின் உரிமையாளர் பூட்டை மாற்றிவிட்டார். வாடகை வீடு தர யாரும் இல்லை. முகம் கொடுத்துக் கதைக்கவும் ஆள் இல்லை. என் வீட்டுப் பின்னறையைக் கூட்டிப் பெருக்கி, புது மெத்தை போட்டு, நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊர் என்னைப் பற்றி என்ன சொன்னது என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே ஒரு குத்பாப் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "தவறு செஞ்சவங்களையும் அரவணைக்கிற உள்ளங்கள் நம்ம ஊரில இருக்கு" என்றீர்கள். வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டேன். மனது நிறைந்தது.

மழைக்காலம் முழுவதும் அப்படிப் போனது. றஸீன் குசினியில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல ரம்ஸியா சமைப்பாள். வெளியே மழை, மேசையில் ஆவி பறக்கும் கிண்ணம், எனக்காக இரண்டு பேர். சில நேரம் சாப்பிட்டு முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை போலச் சிரிப்பேன். றஸீன் மட்டும் பெரிதாகக் கதைப்பதில்லை. இடது கையால் வலது கையைத் தடவிக்கொண்டு இருப்பான். அவனுக்கு நன்றி சொல்லக் கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

ரம்ஸியா அந்த ஒட்டுத்தாளைப் படம் எடுத்து வைத்திருந்திருக்கிறாள். அதிலிருந்த எண்ணுக்கு எடுத்துக் கதைத்து, பிறகு நேரிலும் போயிருக்கிறாள். எத்தனையோ பேர் வந்து போகும் கடையில் அந்த மனிதருக்கு யாரை ஞாபகம் இருக்கும். சிரிப்பை அடக்க முடியாமல் நின்ற ஒரு பொம்பிளையை ஞாபகம் இருந்திருக்கிறது.

அன்று பகல் அவள் எனக்கு எப்போதும் போலக் கிண்ணம் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"ராத்தா, நீங்க சிலாபம் பக்கம் போனீங்களா?"

"ஓம்," என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

"எங்களுக்காகவா போனீங்க?"

அது நல்ல கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்காகத்தான் மகள்" என்றேன். "ஆனா உங்களுக்கு நான் ஒரு குறையும் வெக்கல்லயே."

அவள் அழவில்லை. வழமையாக அழுகிறவள் அன்று அழவில்லை என்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் குடித்து முடிக்கும்வரை இருந்து பார்த்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். மறுநாள் காலை பின்னறையில் மெத்தை மட்டும் இருந்தது. மாம்புரியிலிருந்து அவளுடைய நானா வேன் கொண்டு வந்து கூட்டிப்போனதாக அஸ்ரியா சொன்னாள். அடுத்து அவர்கள் உங்களிடம் வந்திருக்கிறார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

இவ்வளவு நேரமும் நீங்கள் எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்க முடியாமல் தவிப்பது எனக்குத் தெரிகிறது. ஹாஜியார் இரண்டு தரம் வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். மௌலவி, நீங்கள் அந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். மெலிந்துதான் போயிருக்கிறீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். பானைக்குள் நான் எதுவும் போடவில்லை. பொதியைத் திறக்கவே இல்லை. நீங்கள் குடித்த இரண்டு கிண்ணமும் சுத்தமானவை.

இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லியிருந்தால் நீங்கள் எல்லோரும் மறுபடி அவர்களிடம் போயிருப்பீர்கள். அதோடு, அந்தச் சூப்பை நான் கெடுப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள். எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது.

ஆக, எலும்பைப் பற்றிக் கதைத்தது நான். பொதியை வாங்கியது நான். வைத்தது நான். பார்க்கச் சொன்னதும் நான். றஸீனின் கைக்கும் நான்தான் காரணம் என்று எழுத வேண்டுமென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். அதற்கு நான் மாம்புரிவரை போகத் தேவையில்லை, ஹாஜியார். நீங்களே ஒரு ஆளை அனுப்பிச் சொல்லிவிடுங்கள். பின்னறை அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வரட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்காக இரண்டு பேரையும் நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.